என் பெயருக்கு, ஓரின் வீட்டு முகவரிக்கு

ஜூலை 8, திங்கள்

காலையிலேயே வெயில். முன்பக்கப் புல்லை வெட்டினேன். வேலி ஓரத்தை விட்டுவிட்டேன். மனைவி ஆர்டிஸ் இருந்தால் சொல்லியிருப்பாள். மதியம் மக்காச்சோளம் அவித்துச் சாப்பிட்டேன். தபாலில் மின்சாரக் கட்டணமும் காது மெஷின் விளம்பரமும்.

வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன். துப்பாக்கி இந்த வீட்டில் இருக்கக் கூடாது. மார்ச்சில் ஆர்டிஸைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து படுக்கையறை அலமாரியை நான் பார்க்கும் விதம் எனக்கே பிடிக்கவில்லை.

முப்பது ஆண்டுகள் மாவட்ட வாரப் பத்திரிகையில் வேலை பார்த்தவன் நான். 'துப்பாக்கியைத் துடைக்கும்போது விபத்தில் மரணம்' என்று நாங்கள் போடும் வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்பது நெப்ராஸ்காவின் இந்த மூலையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அந்த வீட்டுக்கு மூடி போட்ட பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இந்த ஊரின் மரியாதை அது. எனக்கு அந்த மரியாதை வேண்டாம்.

ஷெரிஃபின் போலீஸ் அலுவலகத்தில் கொடுத்து வைக்கலாம். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவன் ஆர்டிஸின் அக்கா மகன். மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், இரவுக்குள் ஃபீனிக்ஸில் இருக்கும் மகள் டாம்ராவுக்கும். விற்றால், ஏன் விற்றாய் என்ற கேள்வி வரும்.

மொன்டானாவில் நண்பன் ஓரின் ஸ்கார் இருக்கிறான். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மான் வேட்டைக்கு அவன் பண்ணைக்குத்தான் போகிறேன். இந்த வருடத்து வேட்டை லைசன்ஸும் குலுக்கலில் விழுந்து கைக்கு வந்துவிட்டது. ஆர்டிஸ் நன்றாக இருந்தபோது விண்ணப்பித்தது. துப்பாக்கி எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேரட்டும்.

ஜூலை 10, புதன்

பெரிய ஊருக்குப் போய்த் தனியார் பார்சல் அலுவலகத்தில் விசாரித்தேன். துப்பாக்கியை எடுத்துப் போகவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் சுறுசுறுப்பாக அளவு, எடை எல்லாம் கேட்டாள். உள்ளே என்ன என்றாள். வேட்டைத் துப்பாக்கி என்றேன். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"தனி ஆளுங்ககிட்ட நாங்க வாங்கறதில்ல சார். லைசன்ஸ் இருக்கற கடைக்காரங்க அனுப்பினா மட்டும்தான்."

"உள்ளே தோட்டா எதுவும் இருக்காதும்மா."

"ரோஜாப்பூவே வெச்சிருந்தாலும் வாங்க முடியாது சார்."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். இந்த வாரத்தில் யாரோடாவது சேர்ந்து சிரித்தது அதுதான்.

ஜூலை 11, வியாழன்

டுவேன் குசெராவின் துப்பாக்கிக் கடை. காது கேட்காத நாய் ஒன்று வாசலில் படுத்திருந்தது. தாண்டித்தான் போக வேண்டும்.

"ஜூலையில யார் மான் வேட்டைக்கு மூட்டை கட்டறாங்க? மானுக்கே இன்னும் கொம்பு முழுசா வளரலியே."

"முன்னாடியே அனுப்பிட்டா நிம்மதி."

"வழக்கம்போலக் கார்ல பின்சீட்டுல போட்டா கடிச்சா வைக்கும்?"

இந்தத் தடவை விமானத்தில் போகிறேன் என்றேன். பொய். விமானத்தில் போனாலும் கூடவே கொண்டுபோக முடியும் என்பது அவனுக்குத் தெரியாதா? என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வழியைச் சொன்னான். அவனே அங்குள்ள ஒரு கடைக்கு அனுப்பிவைக்க முடியும். ஆனால் அக்டோபர் கடைசி வரை எந்தக் கடைக்காரனும் சும்மா வைத்திருக்க மாட்டான். அதைவிட, அரசுத் தபாலில் நானே எனக்கு அனுப்பிக்கொள்ளலாமாம்.

"உங்க பேருக்கே அனுப்புங்க. கீழ, இன்னார் பொறுப்பில்னு அந்த நண்பர் பேரையும் முகவரியையும் போடுங்க. நீளத் துப்பாக்கின்னா தபால்ல வாங்குவாங்க. எதுக்கும் விதியை ஒரு தடவை படிச்சுட்டுப் போங்க. நான் சொன்னேன்னு போய் நின்னு, அவங்க மாட்டேன்னுட்டா என்னைத் திட்டக் கூடாது."

வீட்டில் கிடந்த தோட்டாக்களை அவனிடமே கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

விதியைப் படித்தேன். இரண்டு முறை.

வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு தனி ஆளுக்கு நான் துப்பாக்கியை அனுப்பக் கூடாது. ஓரின் எவ்வளவு பழைய நண்பன் என்பது சட்டத்துக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் அங்கே வேட்டைக்குப் போகிறவன் தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளலாம், அங்குள்ள ஒருவர் பொறுப்பில். பெட்டியை அனுப்பியவன் மட்டுமே பிரிக்க வேண்டும். வீட்டுக்காரர் தொட்டு ஒரு மூலையில் வைக்கலாம், திறக்கக் கூடாது. தோட்டா ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. உள்ளே இருப்பது என்ன என்று காட்டும் எழுத்தோ படமோ வெளியே கூடாது. போய்ச் சேரும் இடத்தில் கையெழுத்து வாங்கித்தான் கொடுப்பார்கள்.

நல்ல விதி. தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

'வேட்டைக்குப் போகிறவன்' என்ற இடத்தில் நின்றேன். நான் போகிறேனா? லைசன்ஸ் இருக்கிறது. அக்டோபரில் நான் எங்கே இருப்பேன் என்று தெரியாமல் அப்படிச் சொல்லலாமா? போக வேண்டும் என்ற எண்ணம் இன்று இருக்கிறது. நாளைக்கு?

ஓரினைக் கூப்பிட்டேன்.

"என் பெட்டி ஒண்ணு வரும்டா. துப்பாக்கி. என் பேர்ல இருக்கும், பிரிக்காத."

"என்னடா இப்பவே? கார்ல இடம் இல்லையா?"

"இல்ல."

"தனியாத்தானே வரப்போற?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தொண்டையைச் செருமினான். "சரி சரி. அனுப்பு, அனுப்பு," என்றான்.

ஜூலை 15, திங்கள்

பெட்டி கட்டினேன். போல்ட்டைக் கழற்றினேன்; அது இல்லாமல் சுட முடியாது. குழலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மறுமுனையில் மேப்பிள் மரம் தெரிந்தது. காலி. போல்ட்டைத் தனியே துணியில் சுற்றினேன். இரண்டையும் கெட்டியான பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் சாவிக்கொத்தில். அந்தப் பெட்டியை எழுத்தில்லாத அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் பழைய பத்திரிகைகளைக் கசக்கித் திணித்தேன். பத்திரிகைக்கு நம் வீட்டில் பஞ்சமில்லை.

முகவரியில் ஒரு தவறு செய்தேன். கை பழக்கத்தில் மேலே 'ஓரின் ஸ்கார்' என்று எழுதிவிட்டது. கிறிஸ்துமஸ் பார்சல்களுக்கு ஆர்டிஸ் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன், அதே பெயர், அதே முகவரி. அப்படியே போயிருந்தால் சட்டப்படி நான் அவனுக்குக் கொடுத்ததாகிவிடும். கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். வெர்லின் ஜேடன். ஓரின் ஸ்கார் பொறுப்பில்.

என் பெயரை நானே வேறு ஊரின் முகவரிக்கு எழுதியது விநோதமாக இருந்தது. அந்த முகவரியில் இருக்கும் வெர்லின் என்னைவிட நன்றாக இருக்கிறான் போல.

ஜூலை 16, செவ்வாய்

தபால் நிலையம். லவோன் ப்ராக்ட் கவுன்ட்டரில். பின்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

"இவ்ளோ நீளமா என்ன அனுப்பறீங்க வெர்லின்? ஒட்டகச்சிவிங்கிக்கு டையா?"

தாழ்ந்த குரலில் சொன்னேன். அவளுக்குத் தாழ்ந்த குரல் தெரியாது. "ஓ, துப்பாக்கியா!" என்றாள். பிறகு கணினியில் விதியைத் தேடி உதட்டை அசைத்தபடி படித்தாள். பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார்.

"காலியா இருக்குன்னு திறந்து காட்டறீங்களா, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?"

எழுதிக் கொடுத்தேன்.

"வேட்டைக்குத்தானே?"

"ஆமா."

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முத்திரை குத்தினாள். இரு கைகளாலும் தூக்கி உள்ளே கொண்டுபோனாள், தூங்குகிற குழந்தையைக் கொண்டுபோவதுபோல.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். ஆர்டிஸின் கோட்டுகள். அவை மட்டும்தான். கொஞ்ச நேரம் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். இனி இந்த வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை.

ஜூலை 19, வெள்ளி

போய்ச் சேர்ந்துவிட்டது. ஓரினின் மனைவி பெர்னடின் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 3, சனி

இன்று நான் பேசிய ஒரே சொல் 'வேண்டாம்'. கடையில் பை வேண்டுமா என்று கேட்டார்கள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

டாம்ரா பேசினாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். வெயில் எப்படி என்றாள். ஃபீனிக்ஸில் இன்னும் அதிகம் என்றாள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்காமலே பேசினேன் என்று போனை வைத்த பிறகுதான் தெரிந்தது. யாரோ கூட இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாளோ?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். இந்த வருடம் போகப்போவதில்லை. அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு போய், ஓரினும் பெர்னடினும் ஒருவரையொருவர் கிண்டல் செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. ஓரினிடம் சொன்னேன். "சரிடா, உன் இஷ்டம்," என்றான். வற்புறுத்தவில்லை. அவர்கள் ஊரிலும் அதுதான் மரியாதை.

ஆகஸ்ட் 28, புதன்

ஓரின் கூப்பிட்டான். உற்சாகமாக இருந்தான், நல்ல செய்தி சொல்ல வந்தவன்போல.

"நீதான் வரலியே, உன் பெட்டி இங்க எதுக்கு? வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போறேன், அனுப்பிவெச்சுடறேன். தபால்ல கேட்டுட்டேன். பிரிக்காம அப்படியே உனக்குத் திருப்பி அனுப்பலாமாம்."

"வேணாம்டா, எதுக்கு உனக்குச் சிரமம்."

"ஒரு சிரமமும் இல்ல. போற வழிதானே."

நன்றி என்றேன். நன்றி! போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். அடுத்த வாரம் லவோன் அந்தப் பெட்டியைக் கவுன்ட்டரில் வைத்து, இங்கே கையெழுத்துப் போடுங்க வெர்லின் என்பாள். நான் போடுவேன். எடுத்து வருவேன். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எத்தனை கஷ்டப்பட்டு அனுப்பினேன். ஒரு நல்லவன் போகிற வழியில் அதைத் திருப்பி அனுப்பப்போகிறான்.

ஆகஸ்ட் 29, வியாழன்

காலையில் கூப்பிட்டேன். பெர்னடின் எடுத்தாள். ஓரின் வைக்கோல் கட்டப் போயிருப்பதாகச் சொன்னாள்.

"என்னன்னு சொல்லுங்க, நான் சொல்லிடறேன்."

"ஒண்ணுமில்ல. அப்புறம் பேசறேன்."

"வெர்லின், சாப்பிடறீங்களா ஒழுங்கா?"

சாப்பிடுகிறேன் என்றேன். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மதியம் வயலிலிருந்தே அவன் கூப்பிட்டான். டிராக்டர் ஓடும் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினான்.

"என்னடா, காலையில கூப்பிட்டியாமே?"

"பெட்டியை அனுப்பாதடா."

"அதான் சொன்னேனே, ஒரு சிரமமும்—"

"சிரமத்துக்குச் சொல்லல ஓரின். அது இங்க இருக்கக் கூடாது. நான் இருக்கற வீட்டுல இருக்கக் கூடாது. அதுக்குத்தான் உன்கிட்ட அனுப்பினதே."

டிராக்டர் நின்றது.

"எவ்ளோ நாளா?" என்றான்.

"மார்ச்லேருந்து."

"பெட்டி வந்த அன்னிக்கே பெர்னடின் கேட்டா, ஏன் இவ்ளோ சீக்கிரம் அனுப்பறார்னு. அவன் விஷயத்துல மூக்கை நுழைக்காதேன்னு அவளைத் திட்டினேன். அவளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல பாரு. மண்டை, மண்டை... இன்னிக்கு எப்படி இருக்க?"

"பரவாயில்ல."

"பொய் சொல்லாத."

"பாதி பரவாயில்ல."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"நாளைக்குச் சொல்ற. சொல்லிட்டு எனக்குப் போன் பண்ற. பண்ணலேன்னா வண்டியை எடுத்துட்டு நேரா அங்க வந்து நிப்பேன். இங்க வைக்கோல் அத்தனையும் வயல்ல கிடக்கு, மழை வேற வர்றாப்புல இருக்கு. என்னை வரவெச்சுடாதடா."

அழுதேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். போனை வைத்துவிடவில்லை. கடைசியில் சொன்னான்:

"பெட்டி இங்கயே இருக்கும். என்னால பிரிக்க முடியாது, இவளாலயும் முடியாது. சட்டம் அப்படி. நீயே வந்துதான் ஆகணும். அக்டோபர்ல வா."

ஆகஸ்ட் 30, வெள்ளி

டாக்டரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார். மாத்திரை கொடுத்தார், வாரம் ஒருமுறை ஒரு பெண்ணிடம் பேசவும் ஏற்பாடு செய்தார். ஓரினுக்குப் போன் செய்தேன். மழை வரவில்லையாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

டாம்ராவிடம் சொன்னேன். அழுதாள், கோபப்பட்டாள், மறுபடி அழுதாள். "மொன்டானாக்காரர்கிட்ட சொல்வீங்க, பெத்த பொண்ணுகிட்ட சொல்ல மாட்டீங்களாப்பா?" என்றாள். அடுத்த வாரம் வருகிறாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

டாம்ரா போய்விட்டாள். ஆர்டிஸின் கோட்டுகளைப் பெட்டியில் கட்டிக் கொடுத்தேன்; நீலக் கோட்டை மட்டும் விடவில்லை. வீடு மறுபடி சத்தமில்லாமல் இருக்கிறது. மோசமான நாள். ஆனாலும் எழுந்து குளித்தேன்.

அக்டோபர் 25, வெள்ளி — ஓரின் வீட்டில்

வந்துவிட்டேன். நாளை வேட்டை தொடக்கம். பெர்னடின் மாடி அறையைக் காட்டினாள். நான் வழக்கமாகப் படுக்கும் கட்டில். அதன் நடுவே நீளமாக என் பெட்டி, ஒட்டுநாடாகூடக் கலையாமல்.

"ஜூலையிலேருந்து இங்கதான் இருக்கா?"

"உங்க பேர் போட்டிருக்கு. உங்க கட்டில். வேற எங்க வைக்கறது?"

"பேரப்பிள்ளைங்க வந்தாங்களே?"

"தரையில படுத்தாங்க. இது யாரோடது பாட்டின்னு கேட்டாங்க. வர்றார், வர்றார்னு சொல்லிட்டிருந்தேன்."

பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தேன். படுக்கை நடுவில் பள்ளம் விழுந்திருந்தது.

அக்டோபர் 26, சனி

பிரித்தேன். இரண்டு பேரும் கதவருகே நின்று பார்த்தார்கள். பூட்டைத் திறந்து போல்ட்டைப் பொருத்த மூன்று தடவை முயன்றேன். ஓரின் அதைப் பார்க்காததுபோல வெளியே மேகத்தைப் பற்றிப் பேசினான். தோட்டா எல்லாம் அவன் சட்டைப்பையில். "கேட்டா ஒண்ணு தருவேன். ஒண்ணுதான்," என்றான், மிட்டாய்க்கடைக்காரன்போல.

நாள் முழுவதும் பள்ளத்தாக்கின் விளிம்பில் நடந்தோம். என்னைவிட்டு அவன் நகரவேயில்லை. ஒரு பெண் மான் இரண்டு குட்டிகளோடு போனது. தோட்டா கேட்கவில்லை. வேட்டைக்குப் போவதாகச் சொன்னேன், போனேன். இரவு பெர்னடின் உருளைக்கிழங்கு வறுத்தாள். இரண்டு பேரும் யார் உப்பை அதிகம் போட்டது என்று சண்டை போட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் முடிந்தது.

நவம்பர் 4, திங்கள்

வீடு. ஓரின் சுட்ட மானில் பாதி என் குளிர்பெட்டியில். துப்பாக்கியைப் பூட்டி, அங்கே மாடிக் கட்டிலுக்கு அடியில் விட்டு வந்தேன். பூட்டின் சாவி என்னிடம். ஓரின் கேட்டான், கொண்டுபோகிறாயா என்று. இல்லை என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

நவம்பர் 6, புதன்

டுவேனின் கடைக்கு மான் இறைச்சி கொஞ்சம் கொண்டுபோனேன்.

"துப்பாக்கி எப்ப திரும்பி வருது?" என்றான்.

விமானம் என்று பொய் சொன்ன அதே இடத்தில்தான் நின்றிருந்தேன். "வராது டுவேன். வீட்டுல இருந்தா எனக்கு நல்லதில்லன்னுதான் அனுப்பினேன்."

இறைச்சிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"தோட்டா எல்லாத்தையும் கொடுத்தப்பவே நினைச்சேன்," என்றான். "கேட்டிருக்கணும். அதை உங்க நண்பர் வீட்டுக்கு அனுப்ப வழி சொல்லிட்டோமேன்னு மட்டும் தேத்திக்கிட்டேன்." பின்னால் இருந்த இரும்புப் பெட்டகத்தைத் தட்டினான். "நீங்க ஒரு ஆள்தான்னு நினைச்சுக்காதீங்க. இதுக்குள்ள இந்த ஊர்க்காரங்களோடது சிலது இருக்கு. ஒருத்தர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறேன், வெச்சிருங்கன்னார். இன்னொருத்தர் பேரப்பசங்க வர்றாங்கன்னார். அவருக்குப் பிள்ளையே கிடையாது."

"யாரு?"

"நீங்க பத்திரிகைக்காரர். சொல்ல மாட்டேன்."

சிரித்தோம். நாயைத் தாண்டி வெளியே வந்த என்னைக் கூப்பிட்டுச் சொன்னான்: "சனிக்கிழமை காலையில நாலஞ்சு பேர் வருவாங்க. ஒண்ணும் வாங்க மாட்டாங்க. காபிய மட்டும் குடிச்சுட்டுப் போவாங்க. நீங்களும் வந்து ஒண்ணும் வாங்காம போங்க."

நவம்பர் 9, சனி

போனேன். குளிருக்கு எரியும் அடுப்பைச் சுற்றி நாற்காலிகள். காபி குடிக்க முடியாத அளவுக்குக் கெட்டி. எல்லோரும் தெரிந்த முகங்கள். பலரைப் பற்றி எழுதியும் இருக்கிறேன், பண்ணை விற்றது, பேத்தி பரிசு வாங்கியது என்று. பெட்டகத்துக்குள் இருப்பது யார் யாருடையது என்று முகங்களைப் பார்த்தேன். தெரியவில்லை. சிறிது நேரத்தில் பார்ப்பதை விட்டுவிட்டேன். சோளம் இன்னும் ஈரமாக இருப்பதைப் பற்றிப் பேசினார்கள். நானும் ஏதோ சொன்னேன்.

கிளம்பும்போது ஹார்லன் வோஸ் என் முன்னால் வந்து நின்றார். எண்பதைத் தாண்டியவர்.

"யோவ் வெர்லின், நீ உட்கார்ந்திருந்தது என் நாற்காலி. இன்னிக்குப் புதுசுன்னு விட்டேன்."

அடுத்த சனிக்கிழமை வேறு நாற்காலியில் உட்கார வேண்டும்.